மலையை நோக்கிப் போகாத பெண்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று பூதலூர்ப் பக்கம் எனக்கு ஒரு ரைஸ் மில், இரண்டு அறுவடை மெஷின், ஒரு நடவு மெஷின். எந்த வயலில் கூலிக்கு அறுத்தேனோ அதையே என் பெயருக்குப் பத்திரம் பதிந்தேன். யார் சிபாரிசும் கிடையாது. அப்படிப்பட்ட என்னை என் மனைவி நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வாய் பிளந்து பார்த்ததில்லை. சம்பந்தியை அப்படிப் பார்த்தாள்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். ஓவியக் கல்லூரியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூரில் தன் வீட்டு மாடியில் ஞாயிறு காலைகளில் உலகக் கலை வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். இருபது பேர் வந்து கேட்பார்கள். "படத்தை மட்டும் பார்க்காதீங்க. அந்த ஊர்ல என்ன விளைஞ்சுது, எந்தச் சாமியைக் கும்பிட்டாங்க, யாருக்குப் பயந்தாங்க, எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க" என்பார். மகளைப் பார்க்கப் போன என் மனைவி ஒரு ஞாயிறு மாடியேறி உட்கார்ந்தாள். அதன்பிறகு ஒரு வாரமும் தப்பவில்லை.

வீட்டில் சோறு போடும்போதும் எகிப்துதான்.

"செத்தவங்களுக்குப் பசிக்குமேன்னு கல்லறைச் சுவத்துல வயலையே வரைஞ்சு வச்சாங்களாம்ங்க. சம்பந்தி சொன்னாரு."

உயிரோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு ரசம் ஆறிக்கொண்டிருக்கும்.

அந்த வகுப்பில் அப்படி என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் போனேன். அன்று ஐரோப்பாக்காரர்களின் அறுவடைப் படம் ஒன்றைத் திரையில் காட்டினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அறுக்கறவன் கால்ல ஷூ! இதை வரைஞ்சவன் வயல்ல இறங்கினதே இல்லை. சேத்துல ஷூ நிக்குமா?"

சம்பந்தி மெதுவாகச் சொன்னார்: "அது கோதுமைங்க சம்பந்தி. காய்ஞ்ச தரை."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வயல் என்றால் ஈரம் என்று பழகிய கண்ணுக்கு வேறென்ன தோன்றும்? அன்றே முடிவு செய்தேன். இந்த மனுஷன் ஒரு நாள் சறுக்குவார், அவள் பார்க்க நான் பிடிக்க வேண்டும். சீனா போயிற்று, ஆப்பிரிக்க முகமூடிகள் போயின. ஒரு வாரமும் விடாமல் காத்திருந்தேன்.

ஜப்பான் வந்தது. மழையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிற படம். எதிரே தூரத்தில் மலை. சம்பந்தி உருகிப்போய்ப் பேசினார்.

"அவங்களுக்கு மலைதான் சாமி. ஒவ்வொரு நாத்தா ஊனிக்கிட்டே, சாமியை நோக்கி முன்னேறிப் போறாங்க பாருங்க."

சறுக்கிவிட்டார்! நடவு நடுகிறவர்கள் முன்னேறுவார்களா? பின்னால் அல்லவா நகர்வார்கள்! பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவன், மாப்பிள்ளையைப் பெற்றவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கல்யாணப் பந்தியில் அவர் கை கழுவும்வரை நின்றுகொண்டே இருந்தவன் நான். விழுங்கிவிட்டேன்.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. என் மனைவி எழுந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தி. அவங்க மலைக்குப் போகலைங்க. அந்தப் பக்கத்துலேருந்து பின்னால வர்றாங்க. நட்டதெல்லாம் அவங்களுக்கு முன்னால இருக்கு பாருங்க. முன்னால நடந்தா நட்டதை நாமளே மிதிச்சுடுவோமே!"

சம்பந்தி திரையருகே போய்ப் பார்த்தார். பிறகு படத்தைச் சுட்டிக்காட்டும் லைட்டை அவளிடம் நீட்டி, "நீங்களே வந்து சொல்லுங்கம்மா" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஊரார் வயலில் நட்டவள், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தே காட்டினாள். இருபது பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

திரும்பும்போது காரில் அவள்தான் பேச்செடுத்தாள்.

"ஏன் உம்முன்னு வர்றீங்க?"

"எனக்கும்தான் அது தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"பொண்ணைக் கொடுத்த இடம். வாயைத் திறக்க முடியுமா?"

"நானும்தான் கொடுத்திருக்கேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே சிரித்தாள். "சம்பந்தி சொன்னது உங்க நடவு மெஷினுக்குச் சரிதான். அது முன்னாலதான் போகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் சம்பந்தியைப் பார்த்து எரிந்த வயிறு, அன்றிலிருந்து இவளைப் பார்த்தும் எரிகிறது.

அடுத்த ஞாயிறு அவள் மகளோடு கீழே பேசிக்கொண்டிருக்க, நான் முதலில் மாடியேறினேன். சம்பந்தி என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "அம்மா வரலைங்களா? ஆரம்பிக்கலாமா, காத்திருக்கலாமான்னு பார்க்கறேன்."

"வர்றாங்க" என்றேன். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளுக்கும் சேர்த்துத் துண்டைப் போட்டேன். அவளுக்குப் பக்கத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது.