அலோ என்று கூப்பிட்டவன்

நாலாம் வகுப்போடு நின்ற நான், மூன்று விசைப்படகும் ஓர் ஐஸ் பாக்டரியும் தனியாளாக உண்டாக்கினேன். நேற்று என் பேத்தி, "ஹலோங்கிறது போன் வர்றதுக்கு முன்னாடி ஓடக்காரரைக் கூப்பிட்ட சத்தமாம், தாத்தா" என்று படித்துக் காட்டினாள். எனக்கு அது படிக்காமலே தெரியும்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில், அரசலாற்று ஓடக்காரர், நாங்கள் எவ்வளவு கத்தினாலும் திரும்பமாட்டார்; துரைமார் "அலோ" என்றால் உடனே திரும்புவார். ஓர் இருட்டு இரவில், ஆஸ்பத்திரி அக்கரையில் இருக்க, அம்மா பிரசவ வலியில் கரைமணலைப் பிறாண்ட, ஓடம் தள்ளும் கழியின் சத்தம் தேய்ந்துகொண்டே போக, நான் துரையின் குரலில் "அலோ!" என்றேன். ஓடம் திரும்பியது.

"துரை எங்கடா?"

"வரலீங்க. எங்கம்மாவுக்கு வலிங்க."

என் கன்னத்தில் ஓர் அறை விட்டுத்தான் அம்மாவை ஏற்றினார்.

அன்று பிறந்த தம்பி, ஓடக்காரரால் பிழைத்தேன் என்கிறான் இன்றும். ஓடத்தைத் திருப்பியவன் நான் என்று அவன் ஊரறியச் சொல்ல வேண்டும்.