கையுறையோடு ஒரு பரீட்சை

கையுறை மாட்டாமல் கொன்ஸ்ரன்ரைன் எந்த வீடியோ கேம் பெட்டியையும் தொடமாட்டார். வெள்ளைப் பருத்தி உறையை விரல் விரலாக இழுத்துவிட்டு, ஒரு சிலுவை அடையாளமும் போட்ட பிறகுதான் பிளக் சுவருக்குள் போகும். "கடல் காத்து, வேர்வைக் கை, கரண்ட். மூண்டும் சேர்ந்தா முடிஞ்சுது கதை" என்பார். கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும், உப்புக் காற்றும் வரும். அதனால் அந்த ஜன்னல் திறக்கப்படுவதே இல்லை.

மழை இருட்டினால் வீட்டிலுள்ள அத்தனை பிளக்குகளையும் கழற்றிவிடுவார். வெள்ளவத்தையில் தங்கை வீட்டுக்குப் போனால் காலி நகருக்குப் போகும் பெருவீதியைத் தனியாகக் கடப்பதில்லை. நாலு பேர் சேரும்வரை பஸ் ஹோல்ட்டில் நின்று, அவர்கள் நடுவில் புகுந்து கடப்பார். செவ்வாய்க்கிழமைகளில், முன்பு குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில், வாசலுக்குக் கிட்டத்தான் நிற்பார். ஏனென்று அங்கே யாரும் கேட்பதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனைவி இமெல்டா கேலி செய்தால், "நான் பயந்தவன் இல்ல, கவனமானவன்" என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து நேரத்தோடு ஓய்வு பெற்றவருக்கு, மிச்ச ஆயுள் முழுவதும் அந்த முன்னறைக் கண்ணாடி அலுமாரிதான். அதில் இருபத்திரண்டு அறைகள். இருபத்தொன்றில் உலகத்துப் பழைய கேம் பெட்டிகள் ஒவ்வொன்றும் தன் கொன்ட்ரோலரோடு அமர்ந்திருக்கின்றன. சாவி, அந்தோனியார் பதக்கத்தோடு ஒரே நூலில் அவர் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். இமெல்டா தூசி தட்டக் கேட்டும் கொடுத்ததில்லை.

அந்த அலுமாரிக்குள் ஒரு பெட்டி நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. பெட்டி அரியது, விலை கூடியது என்றெல்லாம் சொன்னால் எடுபடாது. "கைக்குப் புதுசா ஒண்டு சொல்லித் தர வேணும். இல்லாட்டி வெளிய." இதற்காக அவரே பிரம்பு நாற்காலியில் ஒரு மணித்தியாலம் இருந்து விளையாடிப் பார்ப்பார். பிறகு ஒரு சிறு அட்டையில் தீர்ப்பை எழுதுவார். இருபத்திரண்டாவது அறை மூன்று வருடமாகக் காலி.

அந்த அறைக்குத்தான் புறக்கோட்டையில் பழைய மின்சாமான் கடை வைத்திருக்கும் ராசிக் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார்.

"அண்ணே, பெட்டி சும்மா குப்ப. வெளையாட்டும் ஒண்டுதான் ஈக்கிது. ஆனா இந்தக் கொன்ட்ரோலர் மாதிரி ஒண்ட நீங்க கண்டிருக்க மாட்டீங்க. புடிச்சவன்ட நெஞ்சு எப்பிடி அடிக்கிதுண்டு காட்டும்."

பிடிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் நகத்தளவு உலோகத் தகடு. அது உள்ளங்கையிலிருந்து நாடித் துடிப்பை எடுத்துத் திரையின் மூலையில் எண்ணாகக் காட்டும். இருட்டு வீடு ஒன்றுக்குள் நடந்துபோகிற விளையாட்டு. நெஞ்சு நிதானமாக அடித்தால் வழி திறந்திருக்கும். தாளம் தப்பினால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். ராசிக் பிடித்துக் காட்டினார். எண்பத்துநாலு என்றது. "நீங்க புடிங்க" என்று நீட்டினார்.

கொன்ஸ்ரன்ரைன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆறுதலா இருந்துதான் பாக்க வேணும். வச்சிட்டுப் போங்க."

இது மின்சாரப் பயம் இல்லை. அவருடைய தகப்பன் ஐம்பத்தேழு வயதில், கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. தமையனும் ஐம்பத்தேழில், சாப்பாட்டு மேசையில். இரண்டு பேருக்கும் நெஞ்சு. வருகிற ஓகஸ்டில் கொன்ஸ்ரன்ரைனுக்கு ஐம்பத்தேழு. சித்திரை மாதத்திலிருந்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்து எழும்புகிறது. அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கிரேன்களைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார். டொக்டரிடம் போனதில்லை. "போனாத்தானே ஏதாவது சொல்லுவாங்க" என்பது அவருடைய வைத்தியம்.

எட்டு நாள் அந்தப் பெட்டி ஒரு துவாயால் மூடிக் கிடந்தது. வேறு ஒருவர் கேட்கிறார், வேண்டுமா வேண்டாமா என்று ராசிக் போனில் நெருக்கிய பிறகுதான், சனிக்கிழமை பின்னேரம் அதை எடுத்தார். வழக்கம்போல் உறையை மாட்டினார். அன்றைக்கு மணிக்கட்டுவரை இழுத்து இழுத்து மாட்டினார்.

திரையின் மூலையில் எண் வரவில்லை. சின்னதாக ஒரு கோடு மட்டும் கிடந்தது. அவர் அந்த இருட்டு வீட்டின் அறை அறையாக நடந்தார். ஒரு கதவும் அசையவில்லை. ஒரு மணித்தியாலம் முடிந்ததும் மனிதரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அட்டையை எடுத்து எழுதினார்: "கொன்ட்ரோலர் பழுது. தகுதி இல்லை."

தேத்தண்ணியோடு வந்த இமெல்டா அட்டையை வாசித்தார். கோப்பையை வைத்துவிட்டுக் கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். மூலையில் எழுபத்திரண்டு என்று வந்தது.

"இது வேலை செய்யுதே."

"எனக்குச் செய்யேல்ல."

"உறையோட பிடிச்சா எப்பிடிச் செய்யும்?"

"இருபத்தொரு பெட்டியும் உறையோடதான் பாத்தனான்."

"அதுகளுக்கு விரல் போதும். இதுக்கு ஆள் வேணும்." இமெல்டா நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தார். "பூனை கண்ணை மூடினா உலகம் இருண்டிருமா? படியில நிண்டு நீங்க கிரேன் பாக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களா?"

அவர் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு, முப்பது வருடத் தாம்பத்தியத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். "பயமா இருக்கு, இமெல்டா."

"எனக்கும்தான்" என்றார் இமெல்டா.

கொன்ஸ்ரன்ரைன் கையுறைகளைக் கழற்றினார். கைகள் ஈரமாக இருந்தன, கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். "நீர் பாரும். எனக்கு எண்ணைச் சொல்ல வேண்டாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு தகடுகளில் உள்ளங்கைகளை வைத்தார்.

கண்ணை மூடியவருக்குக் காதை மூட நினைவில்லை. இருட்டு வீட்டின் கதவொன்று படாரென்று சாத்திக்கொண்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு ஓசையே இல்லை. திடீரென்று அடுத்தடுத்து நாலு கதவு. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழாவதில் இமெல்டா டீவியை அணைத்துவிட்டார்.

"ஷேர்ட்டை மாத்துங்கோ. டொக்டரிட்டப் போவம். இப்பவே."

எண் என்னவென்று அவர் கேட்கவில்லை. பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. "பெட்டி குப்பை. விளையாட்டும் குப்பை. கொன்ட்ரோலருக்காக மட்டும் உள்ளே." இருபத்திரண்டாவது அறையில் பெட்டியை வைத்து, கொன்ட்ரோலரைத் தகடு வெளியே தெரியும்படி அதன் மேல் சாய்த்தார். வெறுங்கையால்தான் வைத்தார். கண்ணாடியில் விரல் அடையாளம் பதிந்ததைக் கண்டும் துடைக்கவில்லை.

அலுமாரியைப் பூட்டினார். ஷேர்ட்டை மாற்றினார். இமெல்டா வாசலில் குடையோடு நின்றார். கொன்ஸ்ரன்ரைன் கழுத்து நூலைக் கழற்றி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பதக்கத்தை மட்டும் திரும்பக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சாவியை இமெல்டாவின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.