முறைப்பாட்டுக் கொப்பி

புலம்பெயர்ந்து வந்து வில்லரேயில் நான் பராமரிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர் குடிவந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் பேனாவால் மேசையில் இரண்டு தரம் தட்டினார். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. போர்நிறுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கண்காணிக்க வந்தவர். அண்ணையைக் கடத்திவிட்டார்கள் என்று நான் அழுதபோது, நேரமும் இடமும் எழுதிக் கையெழுத்து வாங்கி, “பதிவது மட்டும்தான் எங்கள் வேலை” என்று இதேபோல் பேனாவால் தட்டியவர். அண்ணை திரும்பவேயில்லை.

மாசிக் குளிரில் அவருடைய ஹீட்டர் நின்றது. நானும் ஒரு கொப்பியில் நேரமும் இடமும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

“எப்போது திருத்துவீர்கள்?” என்றார்.

“பதிவது மட்டும்தான் என் வேலை” என்றேன்.

“பாவம், மனுசன் விறைக்குது. திருத்திவிடுங்கோ” என்றாள் வீட்டில் என் மனைவி.

“பேந்து பாப்பம்.”

மறுநாளும் கொப்பியோடு போனேன். ஓவர்கோட்டோடு கதவைத் திறந்தவர், கொப்பியை வாங்கிக் கையெழுத்திட்டார். அதன் கீழே அண்ணையின் முழுப்பெயரையும் எழுதினார். தட்டவில்லை.

மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். ஹீட்டரை மேலும் இரண்டு நாள் அப்படியே விட்டேன்.