கண்டிக்குப் போன கார்ப் படம்

எங்கள் அப்பா யாருக்கும் பயந்தவர் அல்ல. மலை ரோட்டில் எதிரே லொறி வந்தால் லொறிதான் ஒதுங்க வேண்டும், இவர் ஒதுங்க மாட்டார். துரைமாரிடமும் தலையைச் சொறியாமல் நேராக நின்று பேசுவார். பெரியப்பா முன்னால் மட்டும் அவருக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். பெரியப்பா கிழக்கே போ என்றாலும் மேற்கே போ என்றாலும் அப்பாவிடம் இருந்தது ஒரே பதில்தான்: "சரிண்ணே."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு ஆறு வயதாம். பெரியப்பாவுக்குப் பதினாறு. அந்தப் பதினாறு வயதில் தேயிலை கவ்வாத்து வெட்டப் போய்த் தம்பிக்குச் சோறு போட்டவர், பின்னால் கணக்கப்பிள்ளையாகவும் ஆகிவிட்டார். அப்படி வளர்த்தவரிடம் 'முடியாது' என்ற சொல்லை எந்த வாயால் சொல்வது? எங்கள் ஆட்களிடையே அண்ணன் பேச்சுக்குத் தம்பி மறுபேச்சுப் பேசுவது கிடையாது. பேசிவிட்டால் எங்கள் லயத்து வரிசையின் பன்னிரண்டு வீட்டுக்கும் அன்றைக்கு வேறு பேச்சு வேண்டியதில்லை.

வட்டகொடை ஸ்டேஷன் வாசலில் நின்ற மூன்று வாடகைக் கார்களில் ஒன்று எங்களுடையது. அப்பா முன்பு ஒரு துரையிடம் டிரைவராக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பும்போது, 'உன்னைத் தவிர இதை யாராலும் ஓட்ட முடியாது' என்று சொல்லி அப்பாவிடமே அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பாராட்டாகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்கும். மழையென்றால் வலது கதவு திறக்காது, வெயிலென்றால் மூடாது. ஆனால் அழகென்றால் அழகு. கறுகறுவென்று, கல்யாண மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி பளபளப்பு. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தவர்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரி வரை பொறுமை இல்லாமல் காரிலேயே பிறந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் முன் சீட்டில் உட்கார்ந்து போவது என் உரிமை. வளைவுகளில் இஞ்சின் சூடேறினால், மடியில் வைத்திருக்கும் தகரத்தில் ஓடைத் தண்ணீர் மொண்டு வந்து கொடுப்பது என் உத்தியோகம். ஒன்பது வயதுச் சிறுமி எனக்கு இருந்த கர்வத்துக்குக் காரணம் அந்த உத்தியோகம்தான், வேறொன்றும் இல்லை.

அந்த வருஷம் மலைநாடு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், தோட்டத்து ஜனங்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இலங்கையில் இருப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலும் இதே கதை. எனக்கு அதெல்லாம் தலைக்கு மேலே போகும் விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார, அப்பா கதவோரம் நின்றுகொண்டார்.

"நாம எல்லாருமா ஒண்ணாக் கப்பலேறி நம்ம ஊருக்கே போயிருவோம் தம்பி," என்றார் பெரியப்பா. "மொதல்ல காரைக் குடுத்துரு. கண்டியில ஒரு மொதலாளி கேக்குறாரு. மலையேறி வர்றதுக்கு முன்னால போட்டோ பாக்கணுமாம். நல்லா எடுத்து அனுப்பிவிடு."

"சரிண்ணே," என்றார் அப்பா.

அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஊர் என்றால் திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். அம்மாவோ அப்பாவோ அதைக் கண்ணால் கண்டதில்லை. அம்மா திரும்பவே இல்லை, தட்டும் சத்தம் மட்டும் நின்றது. என் காதில் ஊரும் விழவில்லை, கப்பலும் விழவில்லை. 'காரைக் குடுத்துரு' என்பது மட்டும்தான் விழுந்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அழுது முடிந்ததும் புத்தி வேலை செய்தது. போட்டோ பார்த்துத்தானே வாங்குவார்? போட்டோ கேவலமாக இருந்தால் எந்த மடையன் வாங்குவான்?

தலவாக்கலையிலிருந்து ஸ்டூடியோக்காரர் காலை ரயிலில் வந்து இறங்கினார். பழுப்புக் கோட்டு, கழுத்தில் சிலுவை, தோளில் முக்காலி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பியே பழகிப்போன மனிதர். காரையும் அப்படித்தான் நடத்தினார். அப்பா விடியற்காலையிலிருந்து தேய்த்து வைத்திருந்த காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, லயத்துக்கு முன்னால் எடுத்தால் கொடியில் காயும் துணியெல்லாம் கார்மேல் காயும் என்றார். அம்மாவுக்கு மாரியம்மன் கோயில் பின்னால் தெரிய வேண்டும். காரின் தலையில் கோபுரம் முளைத்த மாதிரி இருக்கும், பரவாயில்லையா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். கடைசியில் ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைச் சரிவு மட்டும் பின்னால் தெரிகிற ஒரு திருப்பத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

அங்கேயும் அவர் அப்பாவைச் சும்மா விடவில்லை. நேர் எதிரே நின்று எடுத்தால் கார் தவளை மாதிரி இருக்குமாம். மூலையில் நின்றால்தான் முகமும் விலாவும் சேர்ந்து விழுமாம். முன் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னார். நின்றபடி எடுத்தால் வண்டி கூனிப்போகும் என்று, கோட்டோடு மண்ணில் முழங்கால் போட்டார். வேடிக்கை பார்க்க வந்த லயத்துப் பிள்ளைகளை, "கறுப்புக் காரு கண்ணாடி மாதிரி, உங்க மூஞ்சியெல்லாம் கதவுல விழுது," என்று துரத்தினார். பிள்ளைகள் ஓடுமா? கதவில் தங்கள் மூஞ்சி தெரிகிறதா என்று பார்க்க இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

அம்மா மட்டும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. பொட்டு வைக்காமல் போட்டோ எடுக்கக் கூடாது என்று முகப்பில் சந்தனமும் குங்குமமும் அப்பினாள். விற்கப் போகிற காருக்கு எதற்குப் பொட்டு என்று ஸ்டூடியோக்காரர் முணுமுணுத்தார். வீட்டைவிட்டுப் போற பொண்ணுக்குப் பொட்டு வைக்காமலா அனுப்புவோம் என்று அம்மா கேட்டதும் அவர் முக்காலியை நகர்த்தப் போய்விட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் நானும் என் வேலையைப் பார்த்தேன். முதலில் சக்கரத்தில் ஒரு கை சேற்றை அப்பினேன். அப்பா துணியால் துடைத்துவிட்டார். பின் கதவைப் பாதி திறந்து வைத்தேன். ஸ்டூடியோக்காரர் வந்து மூடினார். ஐந்து படங்கள் எடுத்தாகிவிட்டது. எல்லாம் வெயிலில், சக்கரம் திருப்பி, மாப்பிள்ளைக் கோலத்தில்.

ஆறாவது படம் இஞ்சினுக்கு. அப்பா பொனட்டைத் தூக்கி நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. எங்கள் ஊர்ப் பனிமூட்டத்துக்கு நேரம் காலம் கிடையாது. வெள்ளை வெள்ளையாகக் காருக்குப் பின்னால் வந்து, பொனட்டுக்கு மேலே சுருண்டு நின்றது. இஞ்சின் கொதித்து ஆவி விடுகிற மாதிரியே இருந்தது. எனக்கு மூளையில் பளிச்சென்றது. முன் சீட்டில் இருந்த தகரத் தண்ணீரை எடுத்துக் காருக்கு அடியில் ஊற்றினேன். புழுதி மண் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. பார்த்தால் எண்ணெய் ஒழுகி ஒழுகித் தேங்கின மாதிரி. போதாததற்கு நானும் பக்கத்தில் நின்று, இழவு வீட்டு முகத்தை வைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் அவர் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமெரா 'டிக்' என்றது.

"இது சரிவராது அண்ணே," என்றார் ஸ்டூடியோக்காரர். பனிமூட்டம் விலகினதும் காரைத் தள்ளி நிறுத்தி இன்னும் இரண்டு படம் எடுத்தார். மொத்தம் எட்டு. ஏழு நன்றாக வந்திருக்கும் என்று தெரிந்ததும் என் நம்பிக்கை போய்விட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

படங்கள் வந்தன, கண்டிக்குத் தபாலில் போயின. அப்பாதான் உறையில் போட்டு ஒட்டி அனுப்பினார். ஒரு வாரத்தில் பெரியப்பாவுக்குக் கண்டியிலிருந்து கடிதம் வந்தது. கொதிக்கிற இஞ்சினையும் எண்ணெய் ஒழுகுகிற வண்டியையும் மலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, முதலாளி படத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார். பெரியப்பா அதை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். நான் இழவு வீட்டு முகத்தோடு நிற்கிற அதே படம். அவர் படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அப்பா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நான் நினைத்தது பலித்துவிட்டது, காரை நானே காப்பாற்றிவிட்டேன்.

பெரியப்பா போகும் நாள் நெருங்கிவிட்டது, வேறு ஆள் பார்க்க நேரமில்லை. நீங்கள் முன்னால் போங்கள், கார் விலைபோனதும் வருகிறோம் என்று அப்பா சொன்னார். பெரியப்பாவிடம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

குற்ற உணர்ச்சி என்னைச் சும்மா விடவில்லை. ஒருநாள் காரில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தபோது, தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "அப்படியா? நான் பாக்கலியே பாப்பா," என்றார். எவ்வளவு பெரிய பொய்! தலவாக்கலையில் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தி எனக்கு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். தண்டனை வரும் என்று காத்திருந்தவளுக்குப் பணிஸ் வந்ததில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காரைக் காப்பாற்றிய கதையைப் பல வருஷம் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன், கட்டினவரிடம்கூட. அப்பா காலமான பிறகு ஒருநாள் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் துப்புரவு செய்யும்போது சேலைகளுக்கு அடியில் ஒரு உறை கிடைத்தது. உள்ளே ஏழு படங்கள். ஒவ்வொன்றிலும் கார் ராஜா மாதிரி நின்றது. இதெல்லாம் கண்டிக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"உங்கப்பா எட்டையும் பாயில பரப்பி வச்சி அரை நாளாப் பாத்தாரு," என்றாள் அம்மா. "ஏழு படத்த எங்கிட்டக் குடுத்து உள்ள வையின்னாரு. காரு போனா நாமளும்ல கப்பல் ஏறணும். அண்ணங்கிட்ட வரலன்னு சொல்ல அவருக்கு வாய் ஏது?"

நான் ஏழு படங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். பெரியப்பா ரயிலேறிய நாள்தான் நினைவுக்கு வந்தது.

தலைமன்னார் போய்க் கப்பலேற, அவர்கள் வட்டகொடையில் ரயிலேறினார்கள். ஸ்டேஷனில் அன்றைக்கு அழுகை சொல்லி முடியாது. பிளாட்பாரத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, யார் போகிறவர், யார் இருக்கிறவர் என்றே தெரியவில்லை. பெரியப்பாவின் பெட்டிகளை எங்கள் காரில்தான் கொண்டுபோயிருந்தோம். எல்லாம் இறக்கின பிறகு, பெரியம்மா கூப்பிடக் கூப்பிட, அவர் காரருகே வந்தார். பொனட்டின்மேல் கையை வைத்து, மாட்டைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு தடவினார்.

"போட்டோவுலதான் ரொம்ப மோசமா இருந்துச்சு," என்றார். "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. விக்காத. வச்சிக்க."

"சரிண்ணே," என்றார் அப்பா.

நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தேன். பெரியப்பா என்னைத் தேடவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ரயிலில் ஏறிவிட்டார்.

ரயில் வளைவில் மறைந்து, கூட்டமும் கலைந்துவிட்டது. அப்பா வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தார். காரைக் கிளப்பவே இல்லை. கோளாறோ என்று எனக்குப் பயம்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலியாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா பாப்பா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றார் அவர்.

நான் நம்பினேன்.