கட்டிலுக்கு அடியில் இருந்த விறகு

1968 டிசம்பர், கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் நானும் என் மனைவி பிலோமினாவும் ஒசூர் வண்டியில் ஏறினோம். ஆளுக்கு ஒரு ரூபாய் எழுபது காசு. இந்தப் பயணத்தில் எனக்குத் துளியும் விருப்பமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு கிடக்கும் மாதத்தில், காசு கொடுத்துக் குளிரைத் தேடிப் போவார்களா யாராவது?

காரணம் என் மூக்கு. எனக்குச் சின்னதாக ஒரு அச்சகம் உண்டு. கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது, எல்லாம் அடிப்போம். இருபது நாளாகச் சளி அடைத்து, மையின் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் சுத்தமாகத் தெரியவில்லை. மல்லிகையும் கருவாடும் எனக்கு ஒன்றுதான். "மலைக்காற்று பட்டால் சரியாகும்" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். போதாதா? பிலோமினா ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவளோடு வேலை பார்க்கும் அம்மாளின் கணவர் மூலமாக, தேன்கனிக்கோட்டைக்கு மேலே காட்டிலாகாவுக்குச் சொந்தமான மர வீட்டில் மூன்று நாள் தங்க ஒரு கடிதம் வாங்கிவிட்டாள். நாள் வாடகை இரண்டு ரூபாய். காலண்டர் படத்தில் கணப்படுப்பு பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடிக்க ஆசை.

குருபரப்பள்ளி, சூளகிரி தாண்டி எட்டரைக்கு ஒசூர். இப்போது ஆலைச் சங்கு ஊதும் பக்கமெல்லாம் அன்று கேழ்வரகு அறுத்த காடுதான். அங்கிருந்து பதினாறு மைல் தேன்கனிக்கோட்டை, தொண்ணூறு காசு. பிறகு நாலு மைல் மேட்டுக்கு மாட்டு வண்டி. மூன்று ரூபாய்க்குக் குறைய மாட்டேன் என்றார் வண்டிக்காரர்.

"இந்தக் குளுருல மேல எதுக்கு சார் போறீங்க? அங்க இருக்கறவங்களே கீழ எறங்கிட்டாங்க."

"இந்த அம்மாவைக் கேளுங்க" என்றேன். பிலோமினா காதில் விழாதவள் போல மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மரப்பலகைச் சுவர், கண்ணாடி ஜன்னல், உள்ளே கருங்கல்லில் கட்டிய கணப்பு, இரண்டு அறை, முரட்டுக் கம்பளிகள். காவலாளி மாதப்பா ஐம்பது வயதுக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. தை மாதம் வேலை நிரந்தரமாகப் போகிறது என்பதை எங்கள் பெட்டியை இறக்கும்போதே சொல்லிவிட்டார். சாயங்காலம் களியும் பனிக்கால அவரைக்காய்க் குழம்பும் வந்தன. கை நிறைய விறகு கொண்டுவந்து கணப்பை மூட்டினார். காலை நீட்டி உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், சுகமென்றால் அப்படி ஒரு சுகம். "என்னங்க, இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள் பிலோமினா. இன்னொரு காபி கேட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, காலை ஏழு மணி. ஜன்னலுக்கு வெளியே பனி, இரண்டடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அரை மைல் தள்ளியிருக்கும் குடிசைகளில் பால் வாங்க மாதப்பா போனார். பிலோமினாவும் கூடப் போனாள். கணப்பில் வெறும் தணல். விறகு தீர்ந்துவிட்டது. எனக்கோ பல் கிட்டிக்கொண்டது. கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். சாக்குப் போட்டு மூடி, பட்டை உரிக்காத ஐந்து கட்டைகள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு எண் குத்தியிருந்தது. விறகு மண்டிக்காரன் கணக்காக்கும் என்று நினைத்தேன். சரி, விருந்தாளிக்கென்று உள்ளேயே ஈரம் படாமல் வைத்திருக்கிறார்கள், என்ன மனுஷர்கள் என்று மாதப்பாவை மனசாரப் பாராட்டினேன். மெலிசாக இருந்த இரண்டை இழுத்துக் கணப்பில் போட்டேன்.

நன்றாகத்தான் எரிந்தது. நின்று, நிதானமாக. பாதத்தைக் காட்டினேன், முதுகைக் காட்டினேன். கம்பளியைக் கணப்புக்கு எதிரே விரித்துச் சூடேற்றிப் போர்த்திக்கொண்டேன். அப்படியே ஒரு மணி நேரம் போயிருக்கும்.

வெளியே யாரோ ஓடி வரும் சத்தம். கதவு படாரென்று திறந்தது. மாதப்பா நின்றார். கையிலிருந்த பால் செம்பு கீழே விழுந்து உருண்டது. என்னைப் பார்க்கவில்லை, கணப்பைப் பார்த்தார்.

"அய்யய்யோ தேவரே, கடவுளே! என்னா சார் பண்ணிட்டீங்க! போச்சே, எல்லாம் போச்சே!"

பின்னாலேயே மூச்சிரைக்க வந்தாள் பிலோமினா. "ஏங்க, ஓடைகிட்ட வரும்போதே கமகமன்னு வாசம். பக்கத்துல எங்கயோ கோயில் திருவிழான்னு நெனச்சேன். என்னத்தைங்க எரிக்கறீங்க?"

"விறகு" என்றேன்.

"சந்தனம் சார்!" என்று மாதப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கேஸு சந்தனம்!"

மாதாவே! கம்பளியை உதறிவிட்டு எழுந்தேன். மாதப்பா குடத்துத் தண்ணீரைத் தூக்கிக் கொட்டினார். ஒரு கட்டை முழுசும் போய்விட்டது. இன்னொன்றில் முனையில் எண்ணோடு ஒரு முழம் மிச்சம். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். போன வாரம் காட்டில் திருடர்களிடம் பிடித்த கட்டைகளாம். மலையில் பூட்டுப் போடக்கூடிய இடம் இந்த வீடு ஒன்றுதான் என்பதால் எப்போதும் இங்கேதான் வைப்பார்களாம். அன்றைக்குப் பதினோரு மணிக்குக் காட்டிலாகா ரேஞ்சர் வந்து கோர்ட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாதப்பா!"

"திருட்டுக் கட்டைன்னா அம்மா பயந்துக்குவாங்கன்னு சொல்லல சார். சந்தனத்தப் பாத்தா தெரியாத மனுசன் ஒருத்தன் இருப்பான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் வித்துட்டேன்னுதான சொல்லுவாங்க. குளுருக்கு எரிச்சாங்கன்னா யாரு நம்புவாங்க? தை மாசம் பர்மனெண்ட்டு சார்..."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் பெட்டியை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். சந்தனத்தை எரித்தவனை ஜெயிலில் போடுவார்களா மாட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. பிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க. நான் இருந்து, என் வீட்டுக்காரர்தான் எரிச்சார்னு சொல்லிட்டு வரேன்."

பெட்டியைக் கீழே வைத்தேன்.

பதினோரு மணிக்கு ரேஞ்சர் வந்தார். கறுத்து உயர்ந்த ஆள், காக்கி உடுப்பு, இடுப்பில் மூக்குப்பொடி மட்டை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

"அச்சாபீஸ் வச்சிருக்கேன்றீங்க, படிச்சவரா இருக்கீங்க. ஒரு மணி நேரம் சந்தனப் புகையில உக்காந்திருந்தீங்க, தெரியலேன்றீங்க. மாதப்பா உங்களுக்கு எவ்வளவு குடுத்தான்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சார், இருபது நாளா எனக்கு வாசனையே தெரியாது! வேணும்னா சோதிச்சுப் பாருங்க!"

அவர் பொடி மட்டையைத் திறந்து, இரண்டு விரலால் தாராளமாக அள்ளி என் மூக்கடியில் நீட்டினார். "இழுங்க." என் ஆயுளில் பொடி போட்டதில்லை. இரண்டு பக்கமும் முடிந்த மட்டும் இழுத்தேன். மாதப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார், என் மூக்கைப் பார்த்து!

ஒன்றுமே நடக்கவில்லை. பிலோமினாதான் தும்மினாள். அப்புறம் மாதப்பா தும்மினார். கடைசியில் ரேஞ்சரே நாலு தும்மல் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மூக்கைப் பாத்ததில்ல" என்றார். எரிந்து மிஞ்சிய கட்டையின் எண்ணைச் சரிபார்த்தார். சாம்பலை ஒரு பையில் அள்ளச் சொன்னார். என்னிடம் மூன்று பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதி வாங்கினார். ஒசூர் கோர்ட்டில் கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்லவேண்டும், அபராதம் விதித்தால் கட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "மாதப்பா மேல?" என்று பிலோமினா கேட்டாள். "அவன் மேல என்னம்மா எழுதறது? கட்டிலுக்கு அடியில வெக்கச் சொன்னதே நான்தான்."

மாதப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐம்பது வயது மனிதர் அப்படி அழுததைப் பார்த்து எனக்கு மாலைவரை சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தங்க எங்கள் இருவருக்கும் மனசில்லை.

ஞாயிறு மதியம், திரும்பும் பேருந்து குருபரப்பள்ளியைத் தாண்டும்போது என் மூக்கில் குறுகுறுவென்றது. பிறகு பிடித்தது பாருங்கள் தும்மல்! பதினேழு தும்மல் என்று பிலோமினா எண்ணினாள். முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். தும்மல் நின்றதும் மூக்கு திறந்தது. முதலில் டீசல் வாசனை. அடுத்தது என் ஸ்வெட்டர். அடேயப்பா! கழுத்திலிருந்து, கையிலிருந்து, தலைமயிரிலிருந்து சந்தனம் பொங்கிக்கொண்டு வந்தது. ஊரே முகர்ந்த வாசனையை நான் மட்டும் ஒரு நாள் தாமதமாக முகர்கிறேன். சந்தோஷம் வரவில்லை. இவ்வளவையுமா கால் காய எரித்தேன்!

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். வேர்க்குருவுக்கு அரைத்துப் போட எங்கள் கல்யாணத்தின்போது வாங்கிய சந்தனக்கட்டை, கட்டைவிரல் அளவு. பதினைந்து கோடை அரைத்தும் பாதி கூடத் தேயவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிலோமினா வந்து அதை வாங்கி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தை கடைசியில் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. மாதப்பாவுக்காக யாரோ எழுதிக் கொடுத்தது. வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவசியம் மறுபடி வரவும் என்று இருந்தது. அடியில், இடமில்லாத ஓரத்தில், நெருக்கி ஒரு வரி: "வரும்போது சார் மூக்கோடு வரவும்."