காகத்துக்கு ஏசிய காலை

காலை 6.10. புத்தளத்தில் நான் தங்கியிருந்த விடுதியின் முன்னால் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. முதலில் கண்ணில் பட்டது, அதன் முன்கண்ணாடியில் உள்ளிருந்து அழுந்தித் தட்டையாகிப்போன ஒரு மூக்கு. மூக்குக்கு உரியவளுக்கு ஏழு வயதிருக்கும். கண்ணாடியில் மூச்சு விட்டு, படிந்த ஆவியில் விரலால் ஒரு மீசை வரைந்தாள். பிறகு அந்த மீசை என் முகத்தில் சரியாகப் பொருந்தும்வரை தன் தலையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தாள்.

லொறிக்காரர் நிஸ்தார் கருவாட்டு வியாபாரி. வாரத்தில் இரண்டு நாள் கற்பிட்டிப் பக்கம் போய்க் கருவாடு ஏற்றி வருபவர். விடுதிக்காரர் அவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

"கற்பிட்டிக் கோட்ட பாக்கத்தானே? ஏறுங்க சேர். பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிரலாம்" என்றார் நிஸ்தார். "இது என்ட மகள், மின்ஹா. உம்மா கைப்பிள்ளையோட தாய் வீட்டில. பள்ளிக்கூடமும் லீவு. இவள என்னோட கொண்டுதிரியிறேன்."

முன்னிருக்கையில் நாங்கள் மூவர். வலப்பக்கம் நிஸ்தார், நடுவில் மின்ஹா, இடப்பக்கம் நான். நகர எல்லை தாண்டுவதற்குள் என் பேனா மின்ஹாவின் கைக்குப் போய்விட்டது. இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

6.25. பாலாவிச் சந்தி. இரண்டு பிளேன்ரீயும் மூன்று பணிசும் 460 ரூபா. பணம் கொடுக்க நிஸ்தார் என்னை விடவில்லை. கடை மேசைக்குக் கீழே ஒரு நாய் படுத்திருந்தது. மின்ஹா தன் பணிசில் பாதியை அதற்குக் கொடுத்தாள். பிறகு என் பணிசில் பாதியையும் கொடுத்தாள். நிஸ்தார் சிரித்துக்கொண்டு தேநீரை ஆற்றினார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாலாவியில் வலப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. முதலில் உப்புப் பாத்திகள், பிறகு தென்னந்தோட்டங்கள், அதற்குப் பிறகு வெங்காயப் பாத்திகள். நாலு நாள் மழைக்குப் பின் மூன்று நாளாகத்தான் வெயிலாம். ஆனாலும் மணல் தோட்டங்களில் தண்ணீர்த் தூவிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. காற்றாலைகள் வரிசையாக நின்றன. வீதியோரத்தில் எவருக்கும் சொந்தமில்லாத கழுதைகள்.

6.55. நுரைச்சோலை. மின்நிலையத்தின் புகைபோக்கி தென்னைகளுக்கு மேலே தெரிந்தது. வீதியின் நட்டநடுவில் ஒரு கழுதை. நிஸ்தார் வேகத்தைக் குறைத்தார். எதிரே பெரியவர் ஒருவர் சைக்கிளின் பின்னால் வெங்காயச் சாக்குக் கட்டிக்கொண்டு வந்தார். மின்ஹா எட்டி, இரண்டு கைகளாலும் ஹோர்ணை அழுத்தினாள். கழுதை அசையவில்லை. பெரியவரும் சாக்கும் ஓரத்து மணலில் சரிந்தார்கள். ஒருவருக்கும் அடியில்லை. வெங்காயம் மட்டும் ஓடியது.

பெரியவர் எழும்பி, சாரத்தைத் தட்டி, நேரே ஜன்னலுக்கு வந்தார்.

"ஏய் புள்ள! கை சும்மா கிடக்காதா ஒனக்கு?"

"கழுதைக்கு அடிபட்டிரும்" என்றாள் மின்ஹா.

"கழுதைக்கு அடிபட்டிரும்! எனக்கு அடிபட்டா?"

நிஸ்தார் அதற்குள் இறங்கி வெங்காயம் பொறுக்கத் தொடங்கியிருந்தார். குனிந்தபடியே, பெரியவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "வெங்காயத்த நான் பொறுக்கித் தாரேன் நானா. புள்ளைக்கு ஏசுற வேல மட்டும் வேணாம்."

"ஏசாம முத்தம் குடுக்கவா?"

"ஏசுறதெண்டா எனக்கு ஏசுங்க."

"ஒனக்கும் சேத்துத்தான் ஏசினேன். வெளங்கல்லயா?"

சாக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து ஏறிய நிஸ்தாரின் முகம் சிவந்திருந்தது. சிறிது தூரம் போன பின் என்னிடம் சொன்னார்: "என்ட புள்ள பிழ செஞ்சா நான் ஏசிக்கொள்ளுவேன் சேர். வேற ஆள் ஏசினா எனக்குப் பொறுக்காது."

"கடைசியாக எப்போது ஏசினீர்கள்?"

யோசித்தார். லொறியின் மீற்றரில் இரண்டு கிலோமீற்றர் ஓடியது.

"போன நோம்புக்கு" என்றார்.

"அது எனக்கில்ல வாப்பா" என்றாள் மின்ஹா. "பூனைக்கு."

எனக்கும் இந்த விடயத்தில் அபிப்பிராயம் இருந்தது. ஆனால் மற்றவர் பிள்ளைகளைப் பற்றிய அபிப்பிராயத்தை நான் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு பையன் லிப்டின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டு ஓடுவான். யாருடைய மகன் என்பது பதினான்கு வீட்டாருக்கும் தெரியும். நாங்கள் அறிவித்தல் ஒட்டினோம். பையனும் அதை நின்று வாசித்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கிற வயது.

7.20. ஏத்தாளை. வலப்பக்கம், களப்புத் தண்ணீர் ஓரமாக, நீல நிற இரும்புக் கேற் ஒன்று. உள்ளே கருவாடு காயும் பரண்கள் தெரிந்தன. நிறுத்துவார் என்று நினைத்தேன், வேகத்தைக் கூட்டினார்.

"காது முறுக்கின மாமாட வாடி" என்று மின்ஹா எனக்குக் காட்டினாள்.

போன லீவில் அவள் மீன் உலர்த்தும் அந்த வாடியின் ஐஸ் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்து மூடியிருக்கிறாள். வாடிக்காரர் கண்டு, குட்டியை வெளியே எடுத்து, இவள் காதைப் பிடித்து முறுக்கியிருக்கிறார்.

"அண்டையோட அந்தக் கேற்றுக்குள்ள இந்த லொறி போகல்ல" என்றார் நிஸ்தார். "பன்னிரண்டு வருசக் கொடுக்கல் வாங்கல். முடிஞ்சி."

"குட்டிக்கு வேர்த்திச்சி" என்றாள் மின்ஹா.

7.45. கற்பிட்டி நகருக்கு நாலு கிலோமீற்றர் முன்னால், கடல் பக்கம் ஒரு மணல் பாதை. அதன் முடிவில் பரீதாவின் வாடி. தென்னோலைக் கொட்டில் ஒன்று, உப்புத் தொட்டி இரண்டு, இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டுப் பழைய வலையை இறுக்கிக் கட்டிய பரண்கள் ஒன்பது. பரண்களில் சாளையும் கட்டாவும் வெள்ளி நிறத்தில் கிடந்தன. பரீதாவுக்கு ஐம்பதுக்குக் கிட்ட வயது. உரத்த குரல். கூட வேலை செய்பவர் ஜெசிந்தா, கடற்கரைச் சேர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு, எதற்கும் சிரிப்பவர். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள்.

நிஸ்தார் ஒவ்வொரு பரணாகப் போய் ஒரு மீனை எடுத்து, வளைத்து, முறித்து, மணந்து பார்த்தார். பரீதா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். களப்புப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"இண்டைக்கு இவர் ஏத்தாட்டி மூணு நாள் வேல மண்ணாப்போகும்" என்றார் பரீதா என்னிடம். "நாளைக்கு மழ. நனஞ்சா பூஞ்சணம் புடிக்கும். வேற லொறி வார கிழமதான்."

கருவாடு காய்ந்திருந்த பதம் நிஸ்தாருக்குப் பிடித்திருந்தது. தராசைக் கொட்டிலுக்குள் மாட்டி, முதல் பரணின் சாளையை நிறுக்கத் தொடங்கினார். அவர் முதுகு எங்கள் பக்கம்.

8.40க்கு ஒரு காகம் வந்தது. கடைசிப் பரணுக்குப் பின்னால் நின்ற மின்ஹா ஒரு சாளையை எடுத்து நீட்டினாள். காகம் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டது. 8.43க்கு ஆறு காகங்கள். அதற்குப் பின் எண்ணுவது கடினமாக இருந்தது. கையால் கொடுப்பதை வாங்கப் பொறுமையில்லாதவை நேரே பரணில் இறங்கி, இதில் ஒரு கொத்து, அதில் ஒரு கொத்து என்று கொத்தின. கொத்து விழுந்த கருவாட்டை வியாபாரி எடுக்கமாட்டார்.

ஜெசிந்தா பரீதாவிடம் மெல்லிய குரலில், "ராத்தா, சொல்லுங்களன்" என்றார்.

"சொல்லுவேன். சொன்னா லொறி திரும்பிரும். ஏத்தாளக் கத தெரியாதா ஒனக்கு?"

நான் எழும்பி இரண்டு அடி வைத்தேன். பரீதா கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க வேணாம் சேர். நீங்களும் அந்த லொறிலதான் திரும்பிப் போகணும்."

உட்கார்ந்துகொண்டேன். பரீதா முந்தானையை இழுத்துச் செருகினார். மின்ஹாவின் பக்கம் திரும்பவேயில்லை. பரணில் இருந்தவற்றுள் பெரிய காகத்தைப் பார்த்து ஆரம்பித்தார்.

"ஏய் காகம்! ஒனக்குக் கண் இரிக்கா, இல்லயா? உப்புல கையெல்லாம் வெடிச்சி, மூணு நாள் வெயில்ல நிண்டு காயப்போட்ட சாமான் இது. நீ வந்து விளையாட இதென்ன ஒண்ட வாப்பாட வீட்டு முற்றமா?"

கொட்டிலுக்குள் தராசு நின்றது.

"பாத்தா பள்ளிக்கூடம் போற காகம் மாதிரி இரிக்கிறாய்!"

"பள்ளிக்கூடம் லீவு ராத்தா" என்றார் ஜெசிந்தா. சிரிப்பை அடக்க வாயைப் பொத்தியிருந்தார்.

"லீவெண்டா புத்தியையும் பள்ளிக்கூடத்தில வெச்சிப் பூட்டிட்டா வாரது? ஒண்ட வாப்பா எங்க? பாத்துக்கொண்டுதானே இரிக்கிறாரு? ஒரு வார்த்த சொன்னா அவருட நாக்குத் தேஞ்சிருமா?"

நிஸ்தார் கொட்டில் வாசலுக்கு வந்திருந்தார். கையில் ஒரு படிக்கல். கடைசிப் பரணையும் மகளையும் காகங்களையும் பார்த்தார். ஏசப்பட்டது காகம். காகத்துக்கு ஏசியதற்காக ஒருவர் லொறியைத் திருப்பிக்கொண்டு போக முடியாது.

எவரும் எதிர்பாராதது அப்போது நடந்தது. மின்ஹா பரணுக்குக் கீழால் குனிந்து ஓடிவந்து, பரீதாவுக்கும் காகத்துக்கும் நடுவில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மாமி, காகத்துக்கு ஏச வேணாம். அது களவெடுக்கல்ல. நான்தான் குடுத்தேன்."

பரீதாவின் கை அப்படியே நின்றது.

"நீயா குடுத்த?"

"ஓம். அதுக்குப் பசி."

"எத்தின?"

"எண்ணல்ல."

"அப்ப இவ்வளவு நேரம் நான் ஏசினது ஒனக்கு ஏச வேண்டியது. தெரியுமா மகள்?"

மின்ஹா யோசித்தாள். வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வாப்பா படிக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றாள். "ஏசுங்க. ஆனா கெதியா ஏசி முடிங்க."

ஜெசிந்தா மணலில் உட்கார்ந்துவிட்டார். பரீதாவும் எவ்வளவோ முயன்றார், முடியவில்லை. "இனி எங்க ஏச? எல்லாத்தையும் அதுக்கு ஏசி முடிச்சிட்டேனே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு குனிந்து, தன் உள்ளங்கைகளை விரித்துப் பிள்ளைக்குக் காட்டினார். உப்பு தின்ற வெடிப்புகள். மின்ஹா ஒரு வெடிப்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"நோவுதா?"

"உப்புப் பட்டா நோவும். ஒரு காகம் திண்டா மத்ததையும் கூட்டிட்டு வரும். இனி மாலயாகும் வரைக்கும் போகாது. ஆரு தொரத்துற?"

அதன் பிறகு காவல் மின்ஹாவின் பொறுப்பில் வந்தது. நுனியில் கறுப்புப் பொலித்தீன் கட்டிய நீண்ட கம்பு ஒன்றை ஜெசிந்தா கொடுத்தார். அவளைவிட அது இரண்டு மடங்கு நீளம். அவள் பரணுக்குப் பரண் ஓடினாள். காகங்களை அடிக்கவில்லை, ஏசினாள். தான் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

"ஒண்ட வாப்பா எங்க? பாத்துக்கொண்டுதானே இரிக்கிறாரு?"

கொட்டிலுக்குள் நிஸ்தார் ஒவ்வொரு தடவையும் இருமினார்.

10.15க்கு நான் முச்சக்கரவண்டி ஒன்று பிடித்துக் கோட்டைக்குப் போனேன். போக, வர, காத்துநிற்க 1,200 ரூபா. கோட்டையில் இருந்தது நாற்பது நிமிடம். சுவர் தடிப்பு. உள்ளே வெக்கை. காவலுக்கு நின்றவர் மரியாதையாக வழி காட்டினார். என் பயணக் குறிப்பேட்டில் அதைப் பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. வாடியைப் பற்றிப் பதினொரு பக்கம்.

11.30க்குத் திரும்பியபோது சாக்குகள் லொறியில் ஏறியிருந்தன. கொத்து விழுந்த சாளை தனியாக ஒரு சின்னக் குவியல். பரீதா அதை ஒதுக்கப் போனார்.

"அதையும் நிறுங்க ராத்தா" என்றார் நிஸ்தார்.

"இத ஆரு வாங்குற?"

"நான்தான். எங்கட வீட்டுக் காகம் திண்ட சாமான்தானே."

"உம்மா இத தின்னமாட்டா" என்றாள் மின்ஹா.

"நீயும் நானும் தின்போம்."

பரீதா அந்தக் குவியலை நிறுக்காமலே ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். நிஸ்தார் வாங்க மறுத்தார். இருவரும் இழுபறிப்பட்டதில் பை என் மடிக்கு வந்து சேர்ந்தது. லொறி புறப்பட்டபோது பரீதா ஜன்னலருகே நடந்து வந்தார்.

"அடுத்த லீவுக்கும் வரணும் மகள். எனக்குத் தொண்ட போச்சி. ஏச ஆள் இல்ல."

மின்ஹா ஓம் என்று தலையாட்டினாள். பேனாவை நான் கேளாமலே என் சட்டைப் பையில் குத்திவிட்டாள். அதில் சாளைச் செதில் இரண்டு ஒட்டியிருந்தன.

பிரதான வீதிக்கு ஏறியதும் மழையின் முதல் துளிகள் கண்ணாடியில் விழுந்தன. நிஸ்தார் இறங்கி, தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டு வந்தார்.

"மின்ஹா."

"என்ன வாப்பா?"

"அந்த மாமா காத முறுக்கினது, நல்லா நொந்திச்சா?"

"கொஞ்சம்."

"நாய்க்குட்டி?"

மின்ஹா மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தாள். "அது நடுங்கிச்சி" என்றாள்.

12.05. ஏத்தாளை. நீலக் கேற் திறந்திருந்தது. நிஸ்தார் இடப்பக்கத்துச் சிக்னலைப் போட்டார்.