பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து

பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு ஜோடிக் காளையை விற்று, கோயமுத்தூர் மில் ஒன்றின் பங்குகளை வாங்கினேன். அறுபதுகளின் தொடக்கம் அது. என் மனைவியின் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பூமி வாங்கினால் மிதித்துப் பார்க்கலாம், மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், காகிதத்தை என்ன செய்வீர்கள் என்று விசேஷ வீடுகளில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார். படித்துப் பார்ப்பேன் என்பேன். அந்த வீறாப்புக்காகவே தினமும் காலையில் டீக்கடையில் இங்கிலீஷ் பேப்பரின் பங்கு விலைப் பக்கத்தை விரிப்பேன். இடம் மிச்சம் பிடிக்க மில்களின் பெயரையெல்லாம் நறுக்கிப் போட்டிருப்பார்கள். என் மில்லுக்கு மூன்றெழுத்தும் ஒரு புள்ளியும். பக்கத்தில் விலை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு அது போதும்.

ஒரு நாள் விலை சடாரென்று இறங்கியிருந்தது. போதாதென்று, பெயரையொட்டி எக்ஸ், டி என்று புதிதாக இரண்டு எழுத்து. அந்த எக்ஸ், வாத்தியார் என் கணக்கு நோட்டில் தப்புக்குப் போட்ட அதே பெருக்கல் குறி. மில்லை மூடிப் பெயரை அடித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, சைக்கிளை மிதித்து நாலு மைல் தள்ளியிருந்த மில் வாசலுக்குப் போனேன். பயிர் வாடுகிறது என்றால் தோட்டத்துக்குத்தானே ஓடுவோம். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. சங்கும் ஊதியது. எனக்கு நம்பிக்கையில்லை. காவல்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, மில்லு ஓடுதுங்களா?"

"ஓடாமயா சங்கு ஊதுது? நான் வாயில ஊதுனேன்னு நெனச்சீங்களாக்கு?"

அப்படியும் நடுக்கம் தீரவில்லை. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று ராஜவீதியில் இருந்த பங்குத் தரகரிடம் போனேன். அவர் பேப்பரைப் பார்த்தார், வியர்த்து வழியும் என்னையும் பார்த்தார். மில் லாபத்தில் பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்ட் இந்தத் தடவை என்னைப் போல் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத்தான், இனி வாங்குகிறவருக்குக் கிடையாது, அதைச் சொல்லத்தான் அந்த இரண்டு எழுத்து, அதனால்தான் விலையும் குறைந்தது என்றார். என் முகம் தெளியாததைக் கண்டு மாட்டுக்கு வந்தார்.

"மாட்டைக் கன்னோட வித்தா ஒரு வெலை, கன்னைப் புடிச்சு வெச்சுக்கிட்டு வித்தா ஒரு வெலை. கன்னு உங்க கட்டுத்தறியிலதானுங்க நிக்குது. எதுக்குங்க மாட்டை ஓட்டறீங்க?"

சந்தையில் துண்டுக்கடியில் விரலைத் தொட்டே விலை படிக்கிறவன் நான். வெளிச்சத்தில் அச்சடித்துக் கொடுத்ததைப் படிக்கத் தெரியாமல் ஓடியிருக்கிறேன்.

வீட்டில் மச்சான் காத்திருந்தார். விலை இறங்கிய சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"இப்பவாச்சும் வித்துப்போட்டு வந்தீங்களா, மாப்ளே?"

"இல்லீங்க மச்சான். விக்கத்தான் போனேன். இனி நாளைக்கு இன்னும் எறங்குனாலும் விக்கறதில்லீங்க."

மறுநாள் இன்னும் கொஞ்சம் இறங்கியே விட்டது. சாக்குச் சொல்லப் புது எழுத்து எதுவும் சேரவில்லை. விற்கவில்லை. சொன்னது சொன்னதுதான். சைக்கிளை மட்டும் எடுத்தேன். மில் வாசலில் என்னைக் கண்டதும் காவல்காரர் கையைத் தூக்கிப் புகைபோக்கியைக் காட்டினார்.